பதினெட்டு முடிந்தவள்

கேக் சாக்லேட்டா எலுமிச்சையா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், எங்கள் ஊர்ச் சிறுவர் மனநல மையத்தில், என் தங்கை இமோஜனின் பதினெட்டாவது பிறந்தநாளையே வழியனுப்பு விழாவாக்கினார்கள். அவள் இன்னும் தினமும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"இனி நீ பெரியவ, கண்ணு. பெரியவங்க பிரிவுல பாத்துக்குவாங்க" என்றார் ஆலோசகர் டெஸ்மண்ட்.

"ஒரே நாள்லயா வளந்துட்டேன்?"

பல மாதம் காத்திருந்தபின் பெரியவர்கள் பிரிவிலிருந்து அழைத்தார்கள். அங்கே நோயாளிகளை மதிப்பிடும் பெண் கேட்டாள்:

"நீயே பஸ் புடிச்சு, சரியான நேரத்துக்கு வந்தியாம்மா?"

"ஆமா."

"அப்ப நல்லாத்தானே இருக்க! மோசமானா வா."

அந்தப் பெண் சொன்னபடியே இமோஜன் மோசமானாள். ஆம்புலன்ஸில் போனதால் உடனே சேர்த்துக்கொண்டார்கள்; இப்போது தேறிவருகிறாள். டெஸ்மண்ட் வேலையை விட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.