கஞ்சி பட்ட பேட்டரி

இடுப்பிலிருந்து வலது முழங்கால் வரை நரம்பு சுண்டி இழுத்தது. சேவூரிலிருந்து ஆரணி வரை பேட்டரி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள் பரிமளா. கால் வைக்கும் இடத்தில் பட்டுநூல் மூட்டை. முதலாளி லோகநாதன் கொடுக்கும் நூலை நெசவுக்காரர் வீடுகளில் சேர்த்து, நெய்த புடவையை வாங்கி வருவது அவள் வேலை. லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம் என்றுதான் இந்த வண்டியை வாங்கினாள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்போது முழுசாகச் சார்ஜ் போட்டாலும் ஆரணியிலிருந்து சேவூர் தாண்டுவதில்லை.

வண்டி விற்ற கோபிநாத் கடையில்தான் இருந்தான். எதிரே அரிசி மில்காரர் சந்திரமோகன்.

"எழுதி வெச்சுக்க கோபி. பேட்டரியெல்லாம் இன்னும் நாலு வருசம். அப்புறம் ஹைட்ரஜன்தான். கேஸ் ரொப்பினா போய்கினே இருக்கலாம். பொகையே கெடையாது, பின்னால பைப்புல தண்ணி சொட்டும், அவ்ளோதான்."

"தண்ணி வண்டின்னு சொல்லுங்க. எங்க மச்சான்கூட அதான்."

இருவரும் சிரித்தார்கள்.

"அண்ணா, வண்டி நின்னுபோச்சு," என்றாள் பரிமளா.

"ஒக்காருமா, பாக்கலாம். சார், அந்த கேஸை நம்ம ஊர்ல எவன் ரொப்புவான்? பேட்டரின்னா வூட்ல ஒரு பிளக்கு போதும்."

"கரண்டு இருந்தாதானேய்யா பிளக்கு?"

"ஹைட்ரஜனையும் கரண்டு வெச்சுதான் சார் தண்ணியிலேர்ந்து பிரிக்கணும்."

பரிமளா உட்காரவில்லை. உட்கார்ந்தால் அந்தக் காலோடு எழுந்திருக்க முடியாது.

"நீங்க எதுல வேணா ஓட்டுங்கண்ணா, என்னுது மொதல்ல ஓடட்டும். வாரண்டி இருக்குதுல்ல, பேட்டரிய மாத்திக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள முள்ளிப்பட்டு போய்ப் புடவை வாங்கியாரலன்னா மொதலாளி வேற ஆள வெச்சுடுவாரு."

கோபிநாத் சலித்துக்கொண்டே வந்து சீட்டைத் தூக்கினான். பேட்டரியின் மேல் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினான்.

"இன்னாது இது?"

"கஞ்சியா இருக்கும்ணா. காத்தால தெருவுல பாவு நூல நீளமா இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளிச்சாங்க. வண்டி சீட்டத் தொறந்து சார்ஜ் போட்டு அங்கதான் நின்னுகினு இருந்தது."

அவள் தெருவில் கஞ்சி படாத சாமான் எந்த வீட்டிலும் கிடையாது. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

கோபிநாத் சீட்டை மூடினான். "பாத்தியா, நீயே சொல்லிட்ட. தண்ணி பட்டா வாரண்டி கெடையாது."

"மழைல ஓட்டலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மழை வேற, கஞ்சி வேறம்மா."

"வண்டி நின்னு போறது ஒரு மாசமா நடக்குதுண்ணா. கஞ்சி இன்னைக்கிதான் பட்டது!"

"அத யாரு பாத்தா? கம்பெனிக்காரன் கேட்டா நான் இன்னா சொல்றது? காசு குடு, புதுசு போட்டுத் தரேன்."

"ஹைட்ரஜன் வந்துட்டா இந்தப் பேஜாரே இல்லம்மா," என்றார் சந்திரமோகன். "அதுவே தண்ணிய வெளிய விடற வண்டி."

"அது வர்ற வரைக்கும் நான் தள்ளிகினே போவட்டுமா சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. கோபிநாத் வண்டி விளம்பர நோட்டீஸ் ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டான். பரிமளாவின் செல்போன் அடித்தது. லோகநாதன்.

"எங்கம்மா கீற?"

"வண்டிக் கடையிலங்க. இதோ—"

"நீ வர வேணாம். முள்ளிப்பட்டுக்கு சிவகுமார அனுப்பிட்டேன், பைக்ல ஜல்தியா போயிட்டான். இனிமே அந்தப் பக்கம் அவனே பாத்துக்கட்டும். நூல் மூட்டைய மட்டும் கொணாந்து போட்டுடு."

"அப்ப என் வேலைங்க?"

"வண்டி ரெடியாவட்டும், பாக்கலாம். மாசா மாசம் கட்டறத மட்டும் நிறுத்திடாத."

அவள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு வண்டியை ரோட்டில் இறக்கினாள். உள்ளே, பேட்டரியா ஹைட்ரஜனா என்ற பேச்சு மறுபடி தொடங்கி ஜப்பான் வரை போனது. மேட்டில் நூல் மூட்டை சரிந்தது. ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு, வலிக்கிற காலை ஊன்றித் தள்ளினாள். இந்த வண்டிக்காக லோகநாதனிடம் வாங்கிய கடனில் பதினெட்டாயிரம் ரூபாய் இன்னும் பாக்கி.