முஹைதீன் காக்காவின் சர்பத்

தொண்ணூற்றோராம் ஆண்டிலிருந்து, மன்னார் சந்தியோகுவின் வீடியோக் கடையில் களவாகப் பிரதியெடுத்த படம் எதுவாக இருந்தாலும், கடைசிச் சண்டைக்கு நடுவால் எருக்கலம்பிட்டி முஹைதீன் காக்கா சர்பத் தட்டோடு நடந்துபோவார். கதாநாயகன் ஒரு கிளாஸ் எடுப்பான். வில்லன் வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்று எடுப்பான். பிறகு சண்டை தொடரும்.

"என்னப்பா, காக்கா எப்ப இந்தியாவுக்கு நடிக்கப் போனவர்?" என்று முதலில் கேட்டது மனைவி பெற்றிசியா. சந்தியோகுவுக்கு வியர்த்தது. காரணம் அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.

முந்திய வருசம், முஸ்லிம் சனங்கள் மன்னார்த் தீவை விட்டுப் போகவேண்டும் என்று ஆயுதக்காரர் அறிவித்தபோது, காக்காவின் மகள் றம்லா தன் கலியாணக் கசெற்றோடு ஓடிவந்தாள். அதைப் படம்பிடித்தவன் சந்தியோகுதான். "வழியில பறிச்சுப்போடுவாங்க, அண்ணே. உங்கட கசெற்றுகளோட ஒண்டா இருக்கட்டும். வந்து எடுக்கிறன்." அவன் ஓம் என்றான். சில மாதத்தில் இராமேஸ்வரத்திலிருந்து வள்ளத்தில் புதுப்படம் வந்தது. மூலக் கசெற் அதே வள்ளத்தில் திரும்பவேண்டும். பாதை மூடிக் கிடந்த ஊரில் வெறும் கசெற் ஒன்றுகூட இல்லை. மேலே யாரும் பதியக்கூடாதென்று றம்லாவின் கசெற்றில் மூலைத் துண்டை உடைத்து வைத்தவனும் அவன்தான். 'இனி அவையள் எங்க வரப்போயினம்' என்று முணுமுணுத்தபடி, அந்த ஓட்டையில் பிளாஸ்டரை ஒட்டிப் பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

அன்றிலிருந்துதான் காக்கா வரத் தொடங்கினார். சந்தியோகு மெஷினின் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தான், மெஷினை மாற்றினான். காக்கா வந்தார். பிரதிக்குப் பிரதி படம் மங்கிக் கொசு மொய்த்ததுபோல் ஆகும், காக்காவின் தாடி மட்டும் மயிர் மயிராய்த் துலங்கும். பக்கத்து ஊர்ப் பேசாலைக்காரர் "காக்கா வாற கொப்பிதானே?" என்று கேட்டே வாங்கினார்கள். சந்தியோகுவின் நோவு வேறு. கலியாணத்தன்று காக்கா நேரே கமராவிடம் வந்து, "அதை வைச்சுப்போட்டுக் குடியடா" என்று கிளாசை நீட்டியவர். இப்போது அவன் பக்கம் திரும்புவதேயில்லை.

பத்துப் பன்னிரண்டு வருசம் கழித்து, சமாதான காலத்தில் றம்லா புத்தளம் அகதி முகாமிலிருந்து வந்தாள். "வாப்பா முகாமிலயே மவுத்தாயிட்டார், அண்ணே. ஒரு போட்டோவும் இல்ல. அந்தக் கசெற்..."

"அழிச்சுப்போட்டன், பிள்ளை. மேல படம் அடிச்சுப்போட்டன்."

வேறு வழி தெரியாமல் அதே கசெற்றைப் போட்டான். சண்டை வந்தது, காக்கா வந்தார். கதாநாயகன் எடுத்தான், வில்லன் எடுத்தான். தட்டில் ஒரு கிளாஸ் மிச்சம். காக்கா திரும்பினார். திரையின் விளிம்புவரை வந்து நீட்டினார். கண்ணாடிக்கு வெளியே வந்த கை ஈரமாயிருந்தது.

"வாப்பா நீட்டுறாரெல்லா, வாங்குங்க," என்றாள் றம்லா, அவனைப் பாராமலே.

வாங்கினான். குடிக்க முடியவில்லை.

அவள் கசெற்றைப் பைக்குள் வைத்தாள். கிளாசைத் தொடவில்லை. "கலியாணத்துக்கு இரவல் வாங்கினது, அண்ணே. அண்டைக்கே ஒண்டு குறைஞ்சிது. உங்களிட்டயே இருக்கட்டும். ஊருக்குக் குடிவந்து எடுக்கிறன்."

அதன்பிறகு வந்த படங்களில் காக்கா இல்லை. பேசாலைக்காரர் காசைத் திருப்பித் தா என்று சண்டைக்கு வந்தார்கள். கிளாஸ் அலுமாரியில் இருக்கிறது. சர்பத் வற்றவில்லை. பெற்றிசியா அவ்வப்போது வெளிப்பக்கத்தைத் துடைத்து, எறும்பு ஏறாமல் தண்ணித் தட்டுக்குள் வைக்கிறாள்.