கையெழுத்து என்னுடையது

டோக்கன் அக்காவின் மசோதா பதினோரு மணிக்கு அவைக்கு வர வேண்டும். பத்து முப்பத்தைந்துக்குக் கட்சிக் கொறடா அவளை உறுப்பினர்கள் அறையின் மூலைக்கு அழைத்து ஒரு காகிதத்தை நீட்டினார். மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவள் கொடுத்த கடிதம் அது. லெட்டர்பேடு அவளுடையது, கையெழுத்தும் அவளுடையது. ஆனால் அவள் அதை எழுதவில்லை.

டோக்கன் அக்கா என்பது தையல் ஆலையில் விழுந்த பெயர். அறுபது பெண்கள் தைக்கும் வரிசைக்கு ஒரே ஒரு பித்தளை டோக்கன். அது கையில் இருந்தால்தான் கழிவறைக்குப் போகலாம். ஒருத்தி போய்த் திரும்பும்வரை மற்ற ஐம்பத்தொன்பது பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டும். ஒரு நாள் அவள் அந்த டோக்கனை மேலாளர் மேசையில் டப்பென்று வைத்து, "இன்னிக்கு நீங்க இத வெச்சுக்கிட்டுப் போய்ட்டு வாங்க சார்" என்றாள். வேலை போனது, பேர் நின்றது, அந்தப் பேரே தேர்தலிலும் ஜெயிக்க வைத்தது. டோக்கன் முறையை ஒழிக்கும் மசோதாவை அவை வாசல்வரை இழுத்து வர மூன்று வருஷம் ஆயிற்று. அதைப் பார்க்க நாற்பது பெண்கள் காலை ஷிஃப்டை விட்டுவிட்டு வந்து மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது நான் எழுதலையே சார்."

"கையெழுத்து உங்களுதுதானேம்மா?" கொறடா குரலை உயர்த்தாத மனிதர். உயர்த்தும் அவசியம் அவருக்கு இதுவரை வந்ததில்லை.

அவள் தொகுதி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே எல்லாம் அவளுடைய நாத்தனார்தான்.

"முந்தாநாள் கட்சி ஆபீஸ்லேர்ந்து ஒரு ஷீட் வாங்கிட்டுப் போனாங்க அண்ணி. எப்பவும் கேக்கறதுதானேன்னு குடுத்துட்டேன். ஏன், ஏதாச்சும் தப்பாயிடுச்சா?"

"ஒண்ணும் இல்ல. வெச்சிடு."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு வைத்தது யார்? ஒரு கையெழுத்துக்காகப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு நாள் கணக்காக நடக்கக்கூடாது என்று, திங்கட்கிழமைதோறும் ஐம்பது லெட்டர்பேடு தாளில் போட்டு நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வருவாள். வருகிறவர்களுக்கு வேண்டியதை நாத்தனார் நிரப்பிக் கொடுப்பாள். ஆஸ்பத்திரியில் படுக்கை, புருஷன் போனவளுக்குப் பென்ஷன், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம். காக்க வைக்காத அலுவலகம் என்று ஊரே மெச்சியது; சும்மா சொல்லக்கூடாது, டோக்கன் அக்காவும் உள்ளூர மெச்சிக்கொண்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் இந்தப் புத்திசாலி வாரம் தவறாமல் செய்திருக்கிறாள்.

"எழுந்து சொல்லிடுவேன் சார். என்னைக் கேக்காம எழுதினதுன்னு சொல்லிடுவேன்."

"தாராளமா சொல்லுங்க. அப்ப மத்த லெட்டரெல்லாம் யார் எழுதினதுன்னு எதிர்க்கட்சிக்காரன் கேப்பான். விசாரணை வைப்பாங்க. பென்ஷன நிறுத்தி வெச்சுட்டுத்தான் விசாரிப்பாங்க, படிக்கிற பிள்ளைங்கள வெளிய நிக்க வெச்சுட்டுத்தான் விசாரிப்பாங்க. உங்க பதவியப் பத்தி நான் பேசவே இல்ல பாருங்க. அந்தப் பொம்பளைங்களுக்காகத்தான் சொல்றேன்."

பாவி மனுஷன், அதில் ஒரு பொய்கூடக் கலக்கவில்லை. பொய் சொன்னால் சண்டை போடலாம். அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று அவைக்குள் போகும், இன்னொன்று கார் நிற்கும் இடத்துக்குப் போகும். எது வழியாகப் போனாலும் யாரையாவது மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மணி அடிக்கும்வரை ஜன்னலோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவையில் உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தாள். மாடத்தின் முதல் வரிசையில் சைரன் இருந்தாள். அறுபது மிஷின் ஓடும்போதும் அவள் பேசினால் கடைசி மேசைக்குக் கேட்கும், அதனால் அந்தப் பெயர். அவளுடைய மகள் இரண்டாம் வருஷம் நர்சிங் படிக்கிறாள், டோக்கன் அக்காவின் லெட்டரில் கிடைத்த இடத்தில். சைரன் இரண்டு கையையும் தூக்கிக் காட்ட, காவலர் வந்து கையை இறக்கச் சொன்னார்.

"மசோதாவைத் திரும்பப் பெறுவதாக உறுப்பினர் கடிதம் கொடுத்திருக்கிறார்" என்றார் பேரவைத் தலைவர். "இது உங்கள் கையெழுத்துதானா?"

எழுந்து நின்றாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியாது. இவள் எதையும் திருடவில்லை, ஆனால் கொட்டு மட்டும் குறையவில்லை.

"என்னுடைய கையெழுத்துதான், தலைவர் அவர்களே."

மூன்று வருஷ வேலை முக்கால் நிமிஷத்தில் முடிந்தது. அடுத்து யாரோ ஒரு பாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பின்வாசலில் கார் நின்றது. அதில் ஏறிப் போயிருக்கலாம், வெட்கம் விடவில்லை. முன்வாசலில் வேனைச் சுற்றி நின்ற பெண்களிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வெற்றுத்தாள், கொறடா, பென்ஷன், கல்லூரி, ஒன்றையும் மறைக்கவில்லை. "உங்களுக்காகத்தான் வாயத் தொறக்கல" என்று முடித்தாள்.

பென்ஷன் வாங்கும் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை அக்கா" என்றாள். வேறு சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சைரன் பேசியபோது பக்கத்தில் நிற்பவர்களுக்கே கேட்கவில்லை.

"என் பொண்ணு சீட்டு போனா போகட்டும்னு சொல்லியிருப்பேனா, எனக்கே தெரியலக்கா. உன் கால்ல விழுந்து, வேணாம் சொல்லாதன்னு கெஞ்சியிருந்தாலும் கெஞ்சியிருப்பேன். ஆனா நாங்க மேலதானே உக்காந்திருந்தோம்? மாடி ஏறி வந்து, என்னடி செய்யட்டும்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. ஏறுவதற்கு இருபது படிகூட இராது. அவ்வளவு நேரமும் அவர்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அவர்களைக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

"கேக்கல" என்றாள்.