கேட் வைக்க வேண்டிய இடம்

நகராட்சிக்காரர்கள் சிரித்தாலே கமலவேணி நம்ப மாட்டாள். முன்பு சாக்கடை தோண்ட வந்தவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள். ஒரே வாரத்தில் மூடித் தருகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். இன்றைக்கும் அவள் பலகை போட்டுத்தான் வாசலைத் தாண்டுகிறாள். இப்போது வந்திருந்த இன்ஜினியர் புவனேஸ்வரி சின்னப் பெண், சிரிப்பும் நல்ல சிரிப்பு. அதனாலேயே கமலவேணிக்குச் சந்தேகம் ஒரு பங்கு கூடுதலாக வந்தது.

அரியலூரில் அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டல். சீமைக் கருவேலமும் கோழிக்கடைக் கழிவும் மண்டி நாறிக் கிடந்த இடம். அதைச் சுத்தம் செய்து கடல் பூங்கா கட்டப் போகிறார்களாம். பல கோடி வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரே கடலாக இருந்ததாம். அதனால் சிமெண்டில் திமிங்கலம், நத்தை வடிவத்தில் சறுக்குமரம். குடிதண்ணீர் ஒழுங்காக வராத தெருவுக்குக் கடலே வருகிறது என்று தெரு சிரித்தது. கமலவேணி சிரிக்கவில்லை. பூங்கா வந்தால் சுற்றுச்சுவர் வரும், சுவர் வந்தால் அவள் வழி போச்சு.

வீட்டின் முன்பக்கம் ஒரு சந்து, சைக்கிள் நுழைவதே பெரிய காரியம். கணவன் செல்லமுத்துவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். பொட்டல் வழியாக ஆட்டோ பின்வாசலுக்கு வந்தால்தான் அவரை ஏற்ற முடியும்.

“கவலப்படாதீங்கம்மா. உங்க பின்வாசலுக்கு நேரா, ஆட்டோ நுழையற மாதிரி கேட் வச்சுத் தரேன்” என்றாள் புவனேஸ்வரி.

“வப்பீங்க, வப்பீங்க” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுக் கமலவேணி உள்ளே போய்விட்டாள்.

சாமி இருக்கிற இடத்தில் எந்தக் கொத்தனாரும் கடப்பாரை போட மாட்டான். இது அவளுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டோரம் சுருள் சுருளாக ஒரு கல் கிடந்தது. அதைத் தூக்கி வந்து கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தாள். மத்தியான வெயிலில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நேரம் பார்த்து, சுவருக்காகக் கோடு போட்டிருந்த இடத்தில் பாதி புதைத்து வைத்தாள். பக்கத்தில் ஆட்டோ போக இடம் விட்டுத்தான் வைத்தாள். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

குப்பை கொட்டப் போன பக்கத்து வீட்டு வீரம்மாள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். “அடியே வேணி, நாகம்மா சுருண்டு படுத்திருக்காடி! தானா மொளச்சு வந்திருக்காடி!”

கமலவேணியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் பாலும் முட்டையும் வந்துவிட்டன. கொத்தனார் அமாவாசை செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு, “இந்தப் பக்கம் நான் கை வக்க மாட்டேங்க” என்று கும்பிட்டார். அவளுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அந்தக் கொண்டாட்டம் நிலைக்கவில்லை. சாமி வெயிலில் காயலாமா என்று தெருக்காரர்கள் கால் நட்டுத் தகரம் போட்டார்கள். முன்னால் சிமெண்டுத் தளம் போட்டார்கள். ஆட்டோக்காரனை நிறுத்தி, “நாகம்மாவுக்கு எதுக்க வண்டி போவக் கூடாது” என்றார்கள். விட்டிருந்த இடமெல்லாம் சாமிக்குப் போய்விட்டது.

மறுவாரம் ஒரு இரும்பு கேட் வந்து இறங்கியது. மீன் துள்ளுகிற மாதிரி வளைவு வைத்தது, ஆட்டோ தாராளமாக நுழையும் அகலம்.

“உங்களுக்காகச் செஞ்சதும்மா. தெருவுல ஒத்துக்க மாட்டேங்குறாங்க. வடக்குப் பக்கம் மாத்திடறோம்” என்றாள் புவனேஸ்வரி. அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

கமலவேணி கேட்டின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்தாள். அந்தப் பெண் சொன்னதைச் செய்துவிட்டாளே! வடக்குப் பக்கம் போனால் அடுத்த தெருவையே சுற்ற வேண்டும். செல்லமுத்துவால் பத்தடி நடக்க முடியாது.

“அது சாமி இல்லீங்க. நான் கொண்டாந்து வச்ச கல்லு” என்று கேட்டைப் பார்க்கக் கூடியிருந்த எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

“வழி வேணும்னு நாகம்மாவையே கல்லுங்கிறியா? நீ யாரத்தான் நம்புன, சாமிய நம்ப!” என்று வீரம்மாள் பாய்ந்தாள்.

புவனேஸ்வரி குனிந்து பார்த்தாள். “இது பாம்பும் இல்லீங்க. கடல் நத்தை, கல்லாப் போனது” என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அவள் கமலவேணியிடம் திரும்பினாள். “நீங்க வச்சதுன்னா நீங்களே எடுத்துடுங்கம்மா. இப்பவே கேட்டை இங்க நட்டுடறேன்.”

அமாவாசை கடப்பாரையைத் தரையில் வைத்துவிட்டு விலகினார். தடுப்பார்கள், கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று கமலவேணி நினைத்திருந்தாள். யாரும் தடுக்கவில்லை. எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். வீரம்மாள் பேரப்பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள்.

பின்வாசல் நாற்காலியிலிருந்து செல்லமுத்து குரல் கொடுத்தார். “வேணாம் வேணி. என் கால் வீக்கம் வத்துனதே நாகம்மாவாலதான்.”

டாக்டர் புது மாத்திரை கொடுத்திருந்தார். அதனால்தான் வற்றியது என்று இவ்வளவு நாளும் அவள் நினைத்திருந்தாள். கடப்பாரை நுனியைக் கல்லுக்கு அடியில் கொடுத்தாள். மாத்திரைதானா? ரோட்டில் எத்தனையோ கல் கிடக்க, இது ஏன் அவள் கண்ணில் பட்டது? பெயர்த்த பிறகு இவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? அவளுக்குப் பயமாக இருந்தது.

“கல்லுதானேம்மா?” என்று மெதுவாகக் கேட்டாள் புவனேஸ்வரி.

கமலவேணி கடப்பாரையைக் கீழே போட்டாள். “தெரியலயேம்மா” என்றாள்.

கேட்டை வடக்குப் பக்கம் தூக்கிப் போக அமாவாசை ஆள் கூப்பிட்டார்.