தள்ளிவிட ஓர் ஆள்

கொழுந்தன் வண்டியோடு பூச்செடிகளுக்குள் விழுந்த சத்தம் கேட்டுத்தான் அவள் கணவரின் சவப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

நாற்காலி போட இடம் வேண்டுமென்று வண்டியை நகர்த்தப் போனவர், தள்ளிக்கொண்டு போகாமல் ஏறி உட்கார்ந்து வாசல் சரிவில் உருட்டியிருக்கிறார். வேலி நெருங்கியதும் பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தியிருக்கிறார். அந்தப் பழைய ரேஸ் பைக்கில் வலது பக்கம் இருப்பது கியர். பிரேக் இடது பக்கம். வண்டி அவரையும் கூட்டிக்கொண்டு செடிக்குள் போய்விட்டது.

அவள் எட்டிப் பார்த்தாள். "மாமியார் உதைச்சிட்டாளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் என்பது வண்டியின் பெயர். காலையில் லேசில் எழாது, எழுந்துவிட்டால் தெருவே அதிரக் கத்தும் என்று அவள் கணவர் வைத்தது. அதற்காக அவளுடைய அம்மா ஒரு வருடம் அவரோடு பேசவில்லை.

எங்கெங்கோ கிடைத்த பாகங்களைச் சேர்த்து, சட்டத்தைத் தானே வெல்டிங் வைத்து அவர் கட்டிய வண்டி. மூட்டு தேய்ந்த பிறகு அவர் செய்வார், அவள் ஓட்டுவாள். முந்தாநாள் காலையில் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்தபோதும் துணி கையிலேயே இருந்தது.

கொழுந்தன் தலையில் ஒட்டிய இலையோடு வந்தார். "அண்ணி, பழைய வண்டியெல்லாம் சேர்க்கிற ஒருத்தர் இதைக் கேட்டுட்டிருக்கார். நல்லா துடைச்சுக் கண்ணாடிக்குள்ள நிறுத்துவாராம். சரின்னுட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"அண்ணன் ஞாபகமா இருக்கும்ல?"

"உங்கண்ணன் நிக்கிறதுக்கு வண்டி செய்யல. நாளைக்கு ரேஸ் இருக்கு. நான் போறேன்."

நாத்தனார் அதுவரை சுவரோரம் அழுதுகொண்டிருந்தார். இறந்தவருக்கு மூத்தவர். "இன்னிக்கு என் தம்பியை மண்ணுக்குள்ள வைக்கிறோம். நாளைக்கு நீ வண்டி ஓட்டப் போறியா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"போன வருஷமே பேசிட்டாங்களே அக்கா. மைக் போட்டுப் பேசினாங்க."

போன வருடம் கடைசிச் சுற்றில் எஞ்சின் அணைந்து நின்றபோது, "சொந்தமா செஞ்சது, சொந்தமாவே நின்னுபோச்சு" என்றார் அறிவிப்பாளர். மைதானமே சிரித்தது. கணவர் தடுப்பைத் தாண்டி நொண்டிக்கொண்டே வந்து, அவளோடு சேர்ந்து வண்டியைத் தள்ளினார். மறுநாளே எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். அவள் சேலையைக்கூட மாற்றாமல், செடிக்குள் விழுந்ததில் வளைந்த கிளட்ச் பிடியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். கணவரின் பட்டறை வாசலில் நாத்தனார் வெகுநேரம் நின்றார்.

"இதுக்கு ஸ்டார்ட்டரே கிடையாதாமே?"

"கிடையாது. ஓடித் தள்ளணும்."

"யாரு தள்ளுவா?"

அவள் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாத்தனார் வீட்டுக்குள் போய்விட்டார்.

காலையில் வண்டியை வேனில் ஏற்றிக் கட்டிவிட்டு முன்கதவைத் திறந்தால், மடியில் பையோடு நாத்தனார் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா..."

"கதவைச் சாத்து. சின்னவன் எந்திரிச்சா ஆயிரம் கேள்வி கேப்பான்."

மைதானத்தில் நாத்தனார் பையை இறக்கி வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

கொடி விழுந்தது. பக்கத்து வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமிக் கிளம்பின. மாமியார் ஒரு முறை இருமிவிட்டு அடங்கினாள்.

"தள்ளுங்கக்கா."

"தள்ளிட்டுத்தானே இருக்கேன். நீ ஒழுங்கா ஏறுடி."

மூச்சு வாங்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவள் துள்ளி ஏறிக் கிளட்சை விட்டாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

முதல் சுற்று முடித்துத் திரும்பி வரும்போதுதான் பார்த்தாள். தடுப்போரம் நாத்தனார் ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தார். இன்னொன்றைக் கொடிக்காரர் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். அதை வாங்க நாத்தனார் கை நீட்டவில்லை. இரண்டு கைகளும் தடுப்புக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன.