நாலாம் பக்கத்தில் இல்லாத அண்ணன்

பெட்ரோல் பங்க் வாசலில் பஸ் நின்றதும் அண்ணன் இறங்கினார். டொரோண்டோவிலிருந்து ஒன்றரை நாள் உட்கார்ந்தே வந்த மனிதர். கால் வீங்கி, ஷூவுக்குள் போகாமல், சாக்ஸின் மேல் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பனியில் நின்றார். ஓடிப்போய்ப் பையை வாங்கியிருக்க வேண்டும். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? தெரிந்த முகம் எதுவும் பக்கத்தில் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தேன். கல்லாவில் நின்ற பெண் போனில் மூழ்கியிருந்தாள். அதற்கப்புறம்தான் "அண்ணே" என்றேன்.

"என்னடா இப்படி எளைச்சுட்ட? பன்னி வெட்டுற கம்பெனில நிக்கிற, உனக்கு ஒரு துண்டு குடுக்க மாட்டாங்களா?" என்று முதுகில் ஒன்று வைத்தார்.

நிரந்தரமாகக் குடியேற மானிடோபா மாகாணம் என் பெயரைப் பரிந்துரைத்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாளாம். உடனே கிடங்கு வேலைக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த விண்ணப்பத்தின் நாலாம் பக்கத்தில் ஒரு கேள்வி: வேறு மாகாணத்தில் உடன்பிறந்தவர் யாரேனும் இருக்கிறார்களா? இருந்தால் மதிப்பெண் குறையும். நிரந்தரமாகத் தங்குவதற்கான கார்டு கைக்கு வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே ஓடிவிடுவான் என்ற பயம். இந்த ஊரில் ஆள் தங்க வேண்டும் என்றுதானே கூப்பிடுகிறார்கள், அவர்கள் பயமும் நியாயம்தான். என்னோடு வரிசையில் நின்று வெட்டுகிற எங்கள் பிலிப்பைன்ஸ் ஆட்கள் சிலர் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். நானும் எழுதினேன். என் மனைவி மாரிவிக்கும் மகளும் ஊரில், கபனாதுவானில், மூன்று வருஷமாகக் காத்திருக்கிறார்கள்.

பொய் எழுதியதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அதே விண்ணப்பத்தின் ஏழாவது காகிதம், ஊரில் இறைச்சிக்கூடத்தில் நான் வேலை பார்த்ததற்கான அனுபவக் கடிதம். அதை வாங்கிக் கொடுத்தவர் அண்ணன். பல வருஷம் கழித்து லீவில் ஊருக்குப் போனவர், முதலாளி கையெழுத்துப் போட மசியவில்லை என்று பதினோரு நாள் அந்த நாற்றத்தில் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் லீவே அதில் போயிற்று. அவர் வாங்கிக் கொடுத்த காகிதத்தையும் வைத்து, அவரே இல்லை என்றும் எழுதிய என்னை எந்தச் செருப்பால் அடிப்பது?

மறுநாள் மத்தியானம் அண்ணன் அடுப்படியில் பான்சிட் கிண்டிக்கொண்டிருந்தார். நூடுல்ஸும் காய்கறியும் வதங்குகிற வாசனை வீடெல்லாம். கதவை இரண்டு தட்டுத் தட்டி, பதிலுக்குக் காத்திராமல் டார்லீன் ஃப்ரீசன் உள்ளே வந்தார். இந்த ஊரில் அப்படித்தான் வருவார்கள். ஓய்வுபெற்ற டீச்சர். புதிதாக வந்தவர்களுக்கு சர்ச்சின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருவார். எனக்கு ஆதரவுக் கடிதம் எழுதியவரும் அவர்தான். கையில் அவரே ஆப்பிள் வைத்துச் சுட்ட பை பலகாரம்.

"விருந்தாளியா, எல்மர்?"

"எங்க ஊர்க்காரர்" என்றேன். "இந்தப் பக்கம் வேலை கெடைக்குமான்னு பாக்க வந்திருக்கார்."

கரண்டி நின்றது. அண்ணன் திரும்பவில்லை.

"நல்லதாப் போச்சு. இவருக்கு இந்த நாட்டுல ஒருத்தரும் இல்ல, நாங்கதான் சொந்தம்னு லெட்டர்லயே எழுதிக் குடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு இவர் தனியா உக்காந்திருப்பாரேன்னு நெனச்சா எனக்கு மனசு கேக்காது" என்றார் டார்லீன். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். "ஒரே ஊருன்னா மூக்குகூட ஒரே மாதிரி இருக்குமா?"

"எங்க ஊர்ல எல்லாருக்கும் சப்பை மூக்குதாம்மா." அண்ணன் இப்போது திரும்பினார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "நல்ல பையன் இவன். நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்க." ஒரு டப்பா நிறையப் பான்சிட்டை வைத்து மூடி அவர் கையில் கொடுத்தார்.

டார்லீன் போனபிறகு அண்ணன் திட்டுவார் என்று நின்றுகொண்டே இருந்தேன். திட்டியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். எனக்குத் தட்டில் வைத்தார், தனக்கும் வைத்துக்கொண்டார். "எலுமிச்சம்பழம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து, மறுநாள் பஸ்ஸுக்கு டிக்கெட்டை மாற்றினார். நான் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமா, உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால்தான் இன்னமும் கூசுகிறது.

பஸ் ஏறும்போது சொன்னார். "அடுத்து மத்திய அரசாங்கத்து ஃபாரம் வரும். அதுல கூடப்பொறந்தவங்க எல்லாரையும் கேப்பான், செத்தவங்களக்கூட. நான் செத்துட்டேன்னு போட்டுரு."

"அண்ணே..."

"எனக்கு என்னடா ஆயிரப்போவுது? மாரிவிக் வந்து சேரட்டும். இன்னும் ரெண்டு வருஷம் போனா புள்ளைக்கு உன் மொகமே மறந்துரும்." படியில் ஏறிவிட்டுத் திரும்பினார். "போன் மட்டும் பண்ணு. செத்தவனுக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு எந்த ஃபாரத்துலயும் போட்டிருக்க மாட்டான்."

அடுத்த சனிக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் அந்தப் படிவம் வந்துவிட்டது. மேல்வரியில் டார்லீனின் உருண்டைக் கையெழுத்தில் என் பெயர்: எல்மர் மங்கஹாஸ். மனைவி பெயர், மகள் பெயர், அம்மா பெயர் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்து உடன்பிறந்தவர்கள். அங்கே வந்ததும் டார்லீன் பேனாவை மூடிவிட்டு, பையிலிருந்து கழுவித் துடைத்த டப்பாவை எடுத்து வைத்தார். கூடவே ஒரு கார்டு, ஒரு கவர். இந்த ஊரில் யாருக்காவது ஒரு கரண்டி கஞ்சி கொடுத்தால்கூட வாரம் முடிவதற்குள் நன்றிக் கார்டு தபாலில் வந்துவிடும்.

"மறக்கறதுக்கு முன்னாடி இத முடிச்சுரலாம். அந்த நூடுல்ஸுக்கு எங்க வீட்டுல சண்டையே நடந்துச்சு. அவர் முழுப் பேர் சொல்லுங்க, கவர்ல எழுதணும்."

எந்தப் பெயரையும் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் பெயருக்கா பஞ்சம். பக்கத்தில் படிவம் திறந்து கிடந்தது: பெயர், உறவு, முகவரி, இறந்திருந்தால் தேதி. தேதி வேறு கேட்கிறார்கள். எந்த நாளை எழுதுவது? அவரை நான் பஸ் ஏற்றிவிட்ட நாளையா?

"அர்செனியோ" என்றேன்.

"அழகான பேரு. அர்செனியோ... அப்புறம்?"

போனில் வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மகளின் முகம் வந்தது. பனியில் நின்ற அந்த வீங்கிய கால்களும் கூடவே வந்தன.

"மங்கஹாஸ்."

டார்லீன் இரண்டெழுத்து எழுதினார். பேனா நின்றது. அவர் கண் பக்கத்துப் படிவத்தின் மேல்வரிக்குப் போனது, அங்கிருந்து என் மூக்குக்கு வந்தது. பேனா முனை கவரில் அழுந்தியபடியே இருந்தது. மை அந்த இடத்தில் ஊறி, ஒரு கறுப்புப் பொட்டாகப் பெரிதாகிக்கொண்டே போனது.