பென்னிக்கு அப்புறம் ஒரு நாள்

எண்பத்தொன்பது வயதிலும் நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன் என்பது ஊருக்கே பெரிய ஆச்சரியம். போன மழைக்காலத்தில் சேலத்திலிருந்து இரண்டு பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைமேல் இருக்கிற எங்கள் கொட்டச்சேடு வரைக்கும் வந்துவிட்டார்கள். “உங்க ஆரோக்கியத்தோட ரகசியம் என்ன பாட்டி?” என்று மைக்கை என் மூக்குக்குக் கிட்டே நீட்டினான் ஒருத்தன். களி தின்கிறேன், சர்க்கரை போடாத காப்பி குடிக்கிறேன், மேட்டு ரோட்டில் நடக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். யோகா உண்டா என்றான். போடா என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன்.

ரகசியமாம், மண்ணாங்கட்டி. அது உள்ளே கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

என் மகன் பென்னி. அறுபத்து மூன்று வயது. தலையெல்லாம் நரைத்துவிட்டது. பிறவியிலேயே புத்தி வளர்ச்சி இல்லை. உடம்பு மட்டும் ஆறடிக்கு வளர்ந்தது. குளிப்பாட்டுவது நான், ஊட்டிவிடுவது நான், சட்டைக்குப் பித்தான் போட்டுவிடுவது நான். வேறு யார் சோற்றைப் பிசைந்து நீட்டினாலும் வாயைத் திறக்கவே மாட்டான். அவன் அப்பா செத்து வெகுகாலமாகிறது. எனக்குப் பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்வாள் என்று மகள் ஈவ்லினை நம்பியிருந்தேன். அவளும் சர்க்கரை வியாதியில் எனக்கு முந்திக்கொண்டாள். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இனிமேல் இந்தச் செல்வமேரி சாகக் கூடாது.

சாகாமல் இருப்பது சும்மா இல்லை. பல் போனால் போகட்டும், இடுப்பு போகக் கூடாது. பென்னி வழுக்கி விழுந்தால் தூக்கிவிட வேறு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் விடியற்காலையில் காதைச் சுற்றி மப்ளரைக் கட்டிக்கொண்டு மாதா சொரூபம் இருக்கிற கெபி வரைக்கும் மேடேறி இறங்குவேன். பாதி வழியில் உட்காரச் சொல்லி முழங்கால் கெஞ்சும். உட்கார மாட்டேன். தண்ணீர்க் குடத்தை யாரும் தூக்கித் தர வந்தால் வள்ளென்று விழுவேன். திமிர் பிடித்த கிழவி என்று எஸ்டேட் லைன் வீடுகளில் பேசிக்கொள்வார்கள். பேசட்டுமே!

பக்கத்துப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியச் செபக் கூட்டத்தில் ஆளுக்கொரு வேண்டுதல் சொல்வது வழக்கம். பேரனுக்கு வேலை, மகளுக்கு வரன் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து, ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்பார்கள். ஒருநாள் என் முறை வந்தபோது மனதில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். “ஆண்டவரே, பென்னியை எனக்கு முந்தி எடுத்துக்கோ. அவனுக்கு அப்புறம் எனக்கு ஒரு நாள் குடு, போதும்.”

மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொல்ல ஒரு நாக்குகூட எழவில்லை. கூட்டம் முடிந்ததும் சாந்தாமேரி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“பெத்தவ கேக்கற வேண்டுதலாங்க இது? மகன் சாகோணும்னு யாராச்சும் செபம் பண்ணுவாங்களா?”

“நீ வந்து தெனமும் அவனக் கழுவி உடறயா? உட்டுட்டு அப்பறம் பேசு” என்றேன்.

அதற்குப் பிறகு கூட்டத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. எனக்கு ஒன்றுமில்லை என்று வெளியே காட்டிக்கொண்டேன். உள்ளே வலித்தது.

தை மாதக் குளிரில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கசாயம் குடித்துச் சமாளித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள்தான் எஸ்டேட் ஜீப்பைக் கூப்பிட்டு என்னை ஏற்றிவிட்டாள். அவள் எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் வேலை செய்கிறவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. “பென்னியண்ணன நான் பாத்துக்கறனுங்க பெரியம்மா, நீங்க போங்க” என்றாள். வாசல்படியில் நின்று அவன் அம்மா அம்மா என்று கத்தினது முதல் வளைவு திரும்புகிற வரைக்கும் எனக்குக் கேட்டது.

சேலத்தில் நுரையீரலில் சளி என்று படுக்கவைத்து ஊசி ஏற்றினார்கள். எனக்குச் சளியைப் பற்றிக் கவலை இல்லை. “என்னைய உட்ருங்க சாமி, பையன் பட்டினி கெடப்பான்” என்று நர்ஸிடம் கெஞ்சினேன்.

“பையனுக்கு என்ன வயசு பாட்டி?”

“அறுபத்து மூணு.”

அவள் சிரித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் ஊசி மட்டும் இல்லாவிட்டால் எழுந்து ஒன்று வைத்திருப்பேன். கிருஷ்ணம்மாளுக்குப் போன் போடச் சொன்னேன். “நல்லாருக்காருங்க, நீங்க நிம்மதியா படுங்க” என்றாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களிடம் வேறு எதைச் சொல்வார்கள்? செத்தே போயிருந்தாலும் நல்லாருக்காருங்க என்றுதான் சொல்வார்கள். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடப்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கட்டிக்காத்த உடம்பு இப்போது பார்த்துக் காலை வாரிவிட்டதே என்று என்னையே திட்டினேன்.

ஒருவழியாக விட்டார்கள். மலை பஸ்ஸில் ஏறி ஊரில் இறங்கினால் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், கட்டில் காலி. பைப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள், “களத்துல இருக்காருங்க” என்று கை காட்டினாள். இழுத்துப் பிடித்துக்கொண்டு போனேன்.

களம் முழுக்கக் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் பென்னி. கையில் நீளக் கம்பு வைத்த பலகை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கொட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டே போகிறான், திரும்பி வருகிறான். சட்டைப் பித்தான் ஒன்று மாற்றி ஒன்று கோணல்மாணலாக மாட்டியிருந்தது. அப்படிப் போட்டுவிட யாருக்கும் மனசு வராது. அவனே போட்டிருக்கிறான்.

என்னைப் பார்த்ததும் அம்மா என்று ஓடி வந்து கட்டிக்கொண்டான். நான் அவன் முகத்தைத் தடவினேன், வயிற்றைத் தடவினேன். வயிறு நிறைந்திருந்தது. வீட்டுக்குப் போகலாம் வா கண்ணு என்று கையைப் பிடித்தேன். அவன் கையை உருவிக்கொண்டான்.

“வேல இருக்குதும்மா” என்றான்.

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவன் திரும்பப் போய்ப் பலகையை எடுத்துக்கொண்டான்.

கிருஷ்ணம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “மொத நாளு நொம்ப அழுதாருங்க பெரியம்மா. எவ்வளவு கெஞ்சியும் வாயத் தொறக்கல. எனக்கு வேலைக்கு நேரமாச்சு, தட்டத்த முன்னால வெச்சுட்டு வந்துட்டேன். மத்தியானம் போய்ப் பாத்தா தட்டு காலி. நாய் கீய் தின்னுருச்சோன்னு நெனச்சேன். பாத்தா இவரு கையெல்லாம் சோறு. அப்பறம் தனியா உட மனசில்லாம இங்க கூட்டியாந்தேன். பாருங்க, நிக்கவே மாட்டேங்கறாரு.”

“தொண்டையில அடச்சிருந்தா என்ன புள்ள பண்ணிருப்ப? அறிவிருக்கா உனக்கு?” என்று கத்தினேன். களத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காலில் விழுந்து கும்பிட்டிருக்க வேண்டியவள் நான். கத்துகிறேன்!

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கேட்டதைவிட அதிகமாகவே ஆண்டவர் கொடுத்துவிட்டார். நாளைக்கே நான் செத்தாலும் அவன் ஒரு நாள் அழுவான், மறுநாள் தட்டை வழித்துத் தின்றுவிட்டு வேலைக்குப் போவான். இதற்குத்தானே இந்த மலையை ஏறி இறங்கினேன்? ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று தெரிந்து ஒரு தாய்க்கு வயிறு எரியுமா? எனக்கு எரிந்தது.

மறுநாள் காலையில் பென்னி தானாகவே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். கிருஷ்ணம்மாள் கூப்பிட்ட குரலுக்கு வாசலைத் தாண்டிப் போனான். வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. நான் மப்ளரைக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினேன். இனிமேல் எதற்கு மேடு ஏறவேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. உள்ளே வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணம்மாள் திரும்பி ஓடி வந்தாள். நேற்று நான் திட்டியதை அவள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

“ஏனுங்க பெரியம்மா, அவரக் களத்துல உட்டுட்டேன். இன்னைக்கு நீங்க அடுப்புப் பக்கம் போகாதீங்க. நானே ஆக்கிக் கொண்டாறேன். என்ன வேணும், சொல்லுங்க.”

“களியும் கீரையும் பண்ணு. கீரைய நல்லா மசிச்சிரு.”

“அது அண்ணனுக்குப் புடிச்சதுங்க. உங்களுக்கு என்ன புடிக்கும்?”

அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து, அவன் மிச்சம் வைத்ததைத் தின்று வயசு போய்விட்டது.

“யோசிச்சுச் சொல்றேன், போ புள்ள” என்று கதவைச் சாத்தினேன்.

கட்டிலில் அவன் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்தேன். நான் அழுதால் அவன் மிரண்டுபோவான் என்று, ஈவ்லின் செத்தபோதுகூட வாயில் துணியை அடைத்துக்கொண்டவள் நான். இப்போது வீட்டில் மிரளுவதற்கு யாரும் இல்லை. சத்தம் போட்டே அழுதேன்.